ஈயச் சிப்பாய்க்கு வாள் கொடுத்தவர் யார்?

என் தங்கையின் மகன் இலண்டனில் இருக்கிறான். முப்பது வயதைக் கடந்தவன். ஒரு பிள்ளைக்குத் தகப்பன். கடந்த மாதம் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தான். மேசை விரிப்பின் மேல், கட்டைவிரல் நகமளவு உயரத்தில், நாற்பது ஈயச் சிப்பாய்கள். அரையில் ஒரு துணி, வெற்று மார்பு, வலக்கையில் வாள், இடக்கையில் வெள்ளி பூசிய வட்டக் கேடயம். நாற்பது பேரும் ஒரு தாய் வயிற்றில் ஒரே நாளில் பிறந்தவர்கள் போல நின்றார்கள். பின்வரிசையில் ஒருவன் கையில் மட்டும் கொடி. கொடியில் பாயும் புலி. கீழே எழுதியிருந்தான்: "மாமா, இது ஆரியச்சக்கரவர்த்தியின்ர படை. அடுத்ததாய் 1544 மன்னார்ச் சண்டையை வைக்கப் போறம். ஆயுதங்கள் சரியோ எண்டு பார்த்துச் சொல்லுங்கோ."

பார்த்தேன். ஏறக்குறைய எல்லாமே பிழை. தொலைபேசியில் ஒரு மணி நேரம் வாதாடினோம். தங்கை இடையில் புகுந்து, "விளையாட்டுச் சாமானுக்கு ஏன் அண்ணா இந்தக் கோபம்" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்ன மறுமொழியைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

இந்த விளையாட்டை அறியாத வாசகர்களுக்குச் சில வரிகள். மேசையைப் போர்க்களமாக்கிச் சிறு உருவங்களைப் படையாக நிறுத்தி, அளவுகோலும் தாயக்கட்டையும் கொண்டு ஆடுவது இது. எச்.ஜி. வெல்ஸ் 1913இலேயே இதற்கென ஒரு விதிநூல் எழுதியிருக்கிறார். பழங்கால, இடைக்காலப் போர்களுக்கு இன்று பலரும் பயன்படுத்தும் விதிகளுள் ஒன்று, ஃபில் பார்க்கரும் அவரது கூட்டாளிகளும் 1990இல் பிரித்தானியாவில் வெளியிட்ட 'டி பெல்லிஸ் அன்ரிக்விடாட்டிஸ்'. சுருக்கமாக டி.பி.ஏ. என்பர். ஒவ்வொரு தரப்புக்கும் பன்னிரண்டு அலகுகள் மட்டுமே. மூன்று நான்கு உருவங்களை 40 மில்லிமீற்றர் அகலமுள்ள ஓர் அட்டையில் ஒட்டினால் அது ஓர் அலகு. இரண்டு அலகுகள் முட்டும்போது ஆளுக்கொரு தாயக்கட்டை உருட்டி, வந்த எண்ணோடு அந்த அலகுக்குரிய பலத்தைக் கூட்டுவார்கள். வாள்வீரனுக்குக் காலாட்படைக்கு எதிரே பலம் 5, குதிரைக்கும் யானைக்கும் எதிரே 3. வில்லாளனுக்குக் காலாளுக்கு எதிரே 2தான். ஏறி வருபவனுக்கு எதிரே 4. ஆனால் அவன் தூர நின்று எய்யலாம்.

இப்போது விளங்கும், மருமகன் ஏன் எல்லோருக்கும் வாள் கொடுத்தான் என்று. "வாள் எண்டால் அஞ்சு மாமா." அவன் வரலாற்றைத் திறக்கவில்லை, எண்ணைப் பார்த்துவிட்டுப் படை சேர்த்திருக்கிறான். அவனுக்கு உருவங்களை விற்றவர்களும் அதற்கு வசதியாக வாளையும் கையையும் ஒன்றாகவே வார்த்திருக்கிறார்கள். வேறு ஆயுதம் வேண்டுமென்றால் அரத்தால் அராவி எறிந்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். எங்கள் கரையில் வலைக்குக் கட்டும் ஈயத்தைக் கடித்து வளைத்தே நிமிர்த்திவிடுவார்கள். இலண்டனில் அதற்கும் தனியாக ஒரு பசையும் கத்தியும் விற்கிறார்களாம்.

இந்த வெற்றுமார்பு வாள்காரன் எங்கிருந்து வந்தான்? அவன் மூதாதையைத் தேடிப் போனால் மார்க்கோ போலோவிடம் போய் நிற்போம் என்பது என் எண்ணம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே போன அந்த வெனிஸ்காரர், மாபார் மக்கள் ஏறத்தாழ அம்மணமாக ஒரு வேலும் ஒரு கேடயமும் மட்டும் எடுத்துக்கொண்டு போருக்குப் போகிறார்கள் என்றும், போர்த்திறன் அற்றவர்கள் என்றும் எழுதிவைத்தார். இலங்கை மக்களையும் அவர் விடவில்லை. கோழைகள், ஆள் தேவைப்பட்டால் வெளியிலிருந்து முஸ்லிம் வீரர்களைக் கூலிக்கு எடுப்பவர்கள் என்றார். எழுநூறு ஆண்டுகளாக இந்தக் கூற்றை மேற்கோள் காட்டி வருகிறார்கள். ஆனால் கவனியுங்கள்: போலோவே வேல் என்கிறார், வாள் என்கவில்லை. அவரைப் பின்பற்றுகிறவர்கள் அவரது இளக்காரத்தை எடுத்துக்கொண்டு, அவர் கண்ணால் கண்ட ஆயுதத்தை விட்டுவிட்டார்கள்.

போலோவுக்கு முன்பே, 1225இல், சீனச் சுங்க அதிகாரி சௌ ஜூ குவா சோழ நாட்டைப் பற்றி எழுதினார். அவர் இங்கு வந்தவர் அல்லர். துறைமுகத்தில் வணிகர் வாயால் கேட்டதை எழுதியவர். அரசிடம் அறுபதாயிரம் போர் யானைகள் என்று அவர் சொல்வதை நான் நம்பவில்லை. ஆனால் அந்த யானைகளின் முதுகிலிருந்த வீரர்கள் தூரத்தில் அம்பும் அண்மையில் ஈட்டியும் கொண்டு போரிட்டார்கள் என்று அவர் குறிக்கும் விவரம் மிகைப்படுத்துவதற்காகச் சொல்லப்பட்டதன்று. வில், பிறகு ஈட்டி. அங்கேயும் வாள் இல்லை.

சரி, அந்நியர் சாட்சி போதும். நம் கல்வெட்டுகள் என்ன சொல்கின்றன? தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் காலத்தில் பல படைப்பிரிவுகளின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. பண்டித சோழத் தெரிந்த வில்லிகள் என்று ஒரு பிரிவு. வில்லாளரை அவர்கள் வில்லாளர் என்றே பெயரிட்டு எண்ணினார்கள். ஆனையாட்கள் வேறு, குதிரைச் சேவகர் வேறு. உத்தம சோழத் தெரிந்த அந்தளகத்தாளர் என்று இன்னொரு பிரிவு. அந்தளகம் என்றால் கவசம். கவசம் அணிந்ததனாலேயே ஒரு பிரிவுக்குத் தனிப்பெயர் கிடைத்தது என்றால் மற்றவர்கள் பெரும்பாலும் கவசம் இல்லாதவர்கள் என்றுதானே கொள்ள வேண்டும்? அதேபோல் சோழர் கல்வெட்டுகளில் 'வாள்பெற்ற கைக்கோளர்' என்று வருகிறது. வாள் பெற்றவன் என்பது ஒரு சிறப்பு. எல்லோர் இடுப்பிலும் தொங்கிய பொருளைக் கொண்டு யாரும் ஒரு படைக்குப் பட்டம் சூட்டுவதில்லை.

கேடயத்துக்கு வெள்ளி பூசியது ஏன் என்று கேட்டேன். "அது இரும்பு தானே மாமா" என்றான். பழந்தமிழில் கேடயத்துக்குத் 'தோல்' என்று ஒரு பெயர். 'கிடுகு' என்று இன்னொன்று. தோலால் ஆனது தோல். கிடுகு என்றால் எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும், வீடு வேயப் பின்னும் தென்னோலை. பின்னல் வேலையைக் குறிக்கும் அந்தச் சொல்லே கேடயத்தையும் குறித்து நிற்கிறது. மொழியே இவ்வளவு தெளிவாகச் சொல்லும்போது வெள்ளிச் சாயக் குப்பியை எடுப்பானேன்? மண்ணிறமும் கருஞ்சிவப்பும் பூசட்டும்.

இதுவரை பிறர் செய்த பிழை. அடுத்தது நம்மவர் செய்வது. வெற்றுமார்பு கூடாது, அது நம்மைக் காட்டுமிராண்டிகளாகக் காட்டுகிறது, ஆகவே மார்புக்குத் தோல் கவசமும் தலைக்கு உலோகத் தொப்பியும் தான் சொந்தமாகச் செய்து ஒட்டப் போவதாக அவன் சொன்னான். எங்கே கண்டாய் என்றேன். சினிமாவில் என்றான். நான் எதிர்பார்த்ததுதான். நமது திரைப்படங்களும் நாட்காட்டி ஓவியங்களும் சோழ வீரனுக்கு ரோமாபுரியின் மார்புக் கவசத்தை மாட்டி நெடுங்காலமாயிற்று. சிறு வயதில் எங்கள் கூத்துக் கொட்டகையில் ஏரோது மன்னன் ஐரோப்பிய முடியும் தோளில் மினுங்கற் கடதாசியும் சூடி வருவான். அவன் கையிலிருந்த பலகை வாளைத் தொட்டுப் பார்ப்பதற்காக விடியும்வரை விழித்திருந்திருக்கிறேன். கூத்துக்கு அது அழகு. அதை வரலாறு என்று அங்கே யாரும் சொல்லவில்லை. தாராசுரத்திலும் நடுகற்களிலும் நம் முன்னோர் தங்களைத் தாங்களே செதுக்கிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்களின் மார்பு திறந்தேதான் இருக்கிறது. இந்த வெயிலில், இந்தப் புழுக்கத்தில், மாந்தை மணலில் இரும்புச் சட்டை போட்டு ஓடிப் பார்த்தால் காரணம் தெரியும். வெற்றுமார்புக்கு வெட்கப்படுவது மார்க்கோ போலோவின் தீர்ப்பை ஏற்றுக்கொள்வதாகும்.

கொடிக்கு வருகிறேன். புலி சோழனுடையது. ஆரியச்சக்கரவர்த்திகள் வெளியிட்ட காசுகளில் இருப்பது படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே 'சேது' என்ற எழுத்து. பாம்பன் கரையிலிருந்து எங்கள் கரை வரை அவர்கள் உரிமை கொண்டாடிய கடலின் பெயர் அது. அவ்வளவு அழகான சின்னம் கையில் இருக்க, ஏன் புலி என்று நான் அவனிடம் கேட்கவில்லை. எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். எண்பதுகளில் பிறந்து தொண்ணூறுகளில் நாட்டைவிட்டுப் போன பிள்ளைக்குத் தமிழ்ப் படை என்றால் நினைவில் எழும் கொடி ஒன்றுதான். ஆனால் பதினான்காம் நூற்றாண்டுக்காரன் கையில் இருபதாம் நூற்றாண்டின் நினைவைத் திணிப்பது செத்தவனுக்குச் செய்யும் அநியாயம்.

இனி அவன் உண்மையாகக் கோபப்பட்ட இடம். அந்த விதிநூலின் படைப் பட்டியலில் தமிழரும் சிங்களவரும் ஒரே தலைப்பின் கீழ் வருகிறார்கள். "எங்களையும் அவையளையும் ஒண்டாய்ப் போட்டிருக்கிறாங்கள் மாமா. வெள்ளைக்காரனுக்கு வித்தியாசம் தெரியேல்ல." கொழும்பில் இதே விளையாட்டை ஆடும் ஒரு சிங்கள இளைஞரும் அதே பக்கத்தைப் பார்த்து அதே கோபத்தைத்தான் படுவார். நான் அந்தப் பட்டியல்காரரை இந்த ஓரிடத்தில் மட்டும் ஆதரித்துப் பேசினேன். மருமகன் தொலைபேசியை வைத்துவிடுவான் என்று நினைத்தேன். வைக்கவில்லை.

பொலநறுவையில் வேளைக்காரர் கல்வெட்டு இருக்கிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெட்டப்பட்ட தமிழ்க் கல்வெட்டு. முதலாம் விசயபாகு கட்டுவித்த தந்ததாதுக் கோயிலைத் தாம் காப்பதாக அந்தத் தமிழ்ப் படையினர் அதில் வாக்களிக்கிறார்கள். புத்தரின் பல்லுக்குக் காவல் நின்றது சைவத் தமிழன் கை வேல். அந்தக் கல்வெட்டிலேயே வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் என்று பிரிவுகள் எண்ணப்படுகின்றன. எதிர்ப்பக்கத்தையும் பாருங்கள். அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பராக்கிரமபாகு பாண்டி நாட்டின்மீது இரண்டாம் முறை பாய்வதற்காக மாதோட்டத்திலும் மட்டுவிலிலும் ஊராத்துறையிலும் கப்பல் கட்டிப் படை சேர்த்ததையும், சோழர் தரப்பு வந்து அழித்து யானைகளைக் கொண்டு போனதையும் திருவாலங்காட்டுக் கல்வெட்டு சொல்கிறது. எங்கள் மாதோட்டத்திலிருந்து புறப்பட இருந்த அந்தச் 'சிங்களப் படை'யில் எத்தனை மொழி பேசியவர்கள் இருந்திருப்பார்கள்! வில் அதே வில், யானை அதே வன்னி யானை. உருவங்களை வார்ப்பவனுக்கு இரண்டு அச்சு தேவைப்பட்டிராது. பட்டியல்காரர் வித்தியாசம் தெரியாமல் செய்தாரா, தெரிந்து செய்தாரா, எனக்குக் கவலையில்லை. இரண்டு தனித் தூய படைகளாகப் பிரித்துத் தருமாறு கேட்பவர்கள்தான் ஆதாரம் காட்ட வேண்டியவர்கள்.

அதனால்தான் அவனிடம் இன்னொன்றும் சொன்னேன். உன் நாற்பது பேரில் தலைப்பாகை கட்டியவன் ஒருவனும் இல்லையே, ஏன்? 1344இல் இபன் பதூதா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்தபோது அரசன் பாரசீகம் புரிந்துகொள்பவனாக இருந்தான். மாபார்க் கரையில் அவனுடைய கப்பல்கள் சிறிதும் பெரிதுமாக நூறளவில் நின்றதைத் தாம் கண்டதாகவும் அந்தப் பயணி எழுதுகிறார். அரேபியரோடும் மரக்காயரோடும் நாளும் புழங்கிய கடலரசு அது. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஒருசில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்த் தீவிலிருந்து அவர்கள் கடல்வழியாகப் போனார்கள். நான் அப்போது இளம் நிருபர். அந்தப் படகுகளைப் பற்றி அன்று எழுத வேண்டியதை எழுதவில்லை. முப்பது ஆண்டு கழித்து இலண்டனில் ஒரு மேசையின்மேல் அவர்களை இரண்டாம் முறை இல்லாமல் செய்ய நான் சம்மதிக்க மாட்டேன்.

கடைசியாக 1544. இதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை.

அவன் மன்னார்ச் சண்டை என்று எழுதியது முதலாம் சங்கிலியன் படையோடு இங்கே வந்த நிகழ்வை. பிரான்சிஸ் சவேரியார் அனுப்பிய குருவிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்களில் ஏறத்தாழ 600 பேர் அந்த ஆண்டு கொல்லப்பட்டார்கள் என்பது வரலாறு. தோட்டவெளியில் அவர்கள் நினைவாக ஆலயம் நிற்கிறது. நல்லூரில் சங்கிலியன் பெயர் வீரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும். அரசியற் காரணங்களும், போர்த்துக்கேயர் பற்றிய அச்சமும் அவனுக்கு இருந்தன என்பதை மறுக்கமாட்டேன். ஆனால் இதைப் 'போர்' என்று மேசையில் வைக்க வேண்டுமென்றால் எதிர்த்தரப்புக்குப் பன்னிரண்டு அலகுகள் வேண்டும். அவர்கள் கையில் எதை ஒட்டப் போகிறாய் என்று கேட்டேன். மீன் குத்தும் மண்டாவையா? சவளையா? நெடுநேரம் பேசாமல் இருந்தான். "அப்ப அவையளுக்கு ஆயுதம் இல்லையோ" என்றான். படை திரட்டி நின்றவர்கள் அல்லர் அவர்கள். கடலோரக் குடிகள், பெண்களும் பிள்ளைகளுமாக. வாளுக்கு 5, வில்லுக்கு 2 என்று பலம் வகுத்த நூலில் வெறுங்கைக்கு எத்தனை என்று பார்த்துச் சொல் என்றேன். ஆயுதம் ஏந்தாதவனுக்கு ஆயுதம் ஒட்டினால் அன்றைக்கு நடந்த கொலை மோதலாக மாறிவிடும். பத்திரிகையில் முப்பது ஆண்டுகள் இருந்தவனுக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும். செத்தவன் பக்கத்தில் ஒரு துவக்கை வைத்துப் படம் எடுத்து அனுப்பிய காலங்களில் அந்தப் படங்களுக்குக் கீழே வரி எழுதியவர்களில் நானும் ஒருவன்.

மன்னாரில்தான் ஆட வேண்டும் என்றால் 1560 இருக்கிறது. கோவாவிலிருந்து கொன்ஸ்தந்தீனு த பிரகன்சா வந்து நல்லூரைப் பிடித்து, அங்கே நிலைக்க முடியாமல் பின்வாங்கி, மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டிய ஆண்டு. அந்தக் கோட்டையைத்தான் 1658இல் ஒல்லாந்தர் பிடித்துப் பின்னர் திருத்திக் கட்டினார்கள். இன்றும் பாலத்தடியில் நிற்கிறது. ஆனால் அந்த ஆண்டுக்குள் இந்தக் கரைக்கு வெடிமருந்து வந்து நாளாகிவிட்டது. 1538இலேயே எதிர்க்கரை வேதாளையில் மரக்காயர் கப்பற்படையும் போர்த்துக்கேயரும் பீரங்கியோடு மோதியிருக்கிறார்கள். அவனது விதிநூலோ 1500ஆம் ஆண்டளவில் நின்றுவிடுகிறது. ஆகவே வேறு விதி, வேறு உருவங்கள், வேறு செலவு. அது அவன் மனைவியோடு பேசித் தீர்க்க வேண்டிய விடயம்.

இபன் பதூதா காலத்து ஆரியச்சக்கரவர்த்திப் படை என்றே வைத்துக்கொண்டால், என் பரிந்துரை இது. தளபதிக்கு ஒரு யானை. வில் நான்கு, ஈட்டி மூன்று. வாள் இரண்டு, அதற்குமேல் ஒன்றும் தரமாட்டேன். வேண்டுமானால் அந்த இரண்டில் ஒன்றுக்கு மட்டும் அந்தளகம் அணிவிக்கட்டும். குதிரை ஒன்று போதும். வளைகுடாவுக்கு அப்பால் காயலில் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் இறங்கினாலும், பராமரிக்கத் தெரியாமல் அவை செத்துக்கொண்டே இருந்தன என்கிறார் போலோ. இதில் அவரை நம்பலாம். எஞ்சிய ஓரிடத்தில் கடலோடிகள், இலகுவான எறியீட்டிகளோடு. கரையோரப் படைகளுக்குச் சில அலகுகளைக் கடல்வழியே இறக்க விதி இடம் கொடுக்கிறது. நூறு கப்பல் வைத்திருந்தவனுக்கு அது உரியதுதான். இந்தப் படையோடு போனால் முதல் நான்கு ஆட்டங்கள் தோற்பாய் என்றும் சொல்லிவிட்டேன். வாள்காரர் நெருங்கிவிட்டால் வில்லாளரால் தாக்குப்பிடிக்க முடியாது. நெருங்கவிடாமல் நிற்கப் பழக வேண்டும்.

மேசையின் மூலையில் பாளயம் ஒன்றும் வைக்க வேண்டுமாம். அங்கே கூடாரத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கமரமும், சிப்பிக் குவியலும், நாலைந்து கழுதைகளும் வைக்கச் சொன்னேன். மூன்றும் மன்னாரின் அடையாளங்கள். மரத்தையும் கழுதையையும் அரேபியர் கொண்டுவந்தார்கள் என்பது ஊர் வழக்கு.

நேற்று மறுமொழி வந்தது. பதினாறு வாள்களை அராவி எடுத்துவிட்டானாம், விரலிலும் ஒரு வெட்டு. வில்லாளர் உருவங்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். புலியின்மேல் வெள்ளை அடித்தாயிற்று. நந்தி வரைவதற்குச் சேதுக் காசின் தெளிவான படம் ஒன்று வேண்டுமாம். 1544ஐப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. கழுதை மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, குதிரையின் காலைக் குறைத்துச் செவியை நீட்டினால் சரிவருமா என்று கேட்டிருக்கிறான். எங்கள் வாசலில் நின்ற ஒன்றைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன்.